ஆனையைக் கட்டும் கயிறும் ஆளைக் காக்கும் கயிறும்: மரமேறுவோருக்கு ஓர் அறிமுகம்

பெங்களூரில் கே.ஆர். மார்க்கெட்டை ஒட்டிய தெருவொன்றில், ஹார்டுவேர் கடையில் நின்று, மரம் ஏறுவதற்குக் கயிறு வேண்டும் என்று நான் முதன்முதலாகக் கேட்டபோது, கடைக்காரர் நீல நிறச் சுருள் ஒன்றை எடுத்து மேசைமேல் போட்டு, "இதுல ஆனையையே கட்டலாம் சார்" என்றார். அவர் சொன்னதில் பொய்யில்லை. லாரியில் பாரம் கட்டுவதற்கென்றே விற்கப்படும் பாலிபுரோப்பிலீன் கயிறு அது. கட்டைவிரல் பருமனில் இருந்தால் ஆயிரம் கிலோவுக்கு மேற்பட்ட இழுவையையும் தாங்கிவிடும். ஆனால் கட்டிப்போட்ட யானை கயிற்றை மெல்ல மெல்ல இழுக்கிறது. மரத்திலிருந்து கால் வழுக்கிய மனிதனோ அதை ஒரே சுண்டாகச் சுண்டுகிறான். மரமேறுவோர் கயிற்றைப் பற்றிக் கற்க வேண்டியவற்றுள் பெரும்பகுதி இந்த வேறுபாட்டிலிருந்துதான் தொடங்குகிறது.

அமெரிக்காவில் வில்லெடுத்து மான் வேட்டையாடுவோரிடையே ஒரு முறை பரவியுள்ளது. பரண் எதுவும் கட்டாமல், இடுப்பையும் தொடைகளையும் அணைத்துப் பிடிக்கும் அகன்ற பட்டையொன்றை அணிந்துகொண்டு, அடிமரத்தைச் சுற்றிய கயிற்றில் சாய்ந்தபடி, தரையிலிருந்து ஐந்தாறு மீட்டர் உயரத்தில் மணிக்கணக்கில் காத்திருக்கிறார்கள். அந்தப் பட்டைக்குச் சேணம் என்று பெயர். நம் நாட்டில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடை செய்திருப்பதால், அந்த வேட்டை நமக்குத் தேவையில்லாத விஷயம். எனினும் இரண்டு கைகளும் வேலைக்குக் கிடைக்கும்படி மரத்தில் நிற்க வழி சொல்லும் முறை என்ற அளவில், மாங்காய் பறிப்பவருக்கும், பறவைக் கூட்டைப் படமெடுப்பவருக்கும், வீட்டு வாசலில் காய்ந்து தொங்கும் கிளையைக் கழிப்பவருக்கும் அது பயன்படும். தளைநார் பூட்டிப் பனையேறும் நம்மவர்களின் திறமை வேறு வகையைச் சேர்ந்தது. இளம் வயதிலிருந்தே உடலில் ஊறிப்போன அந்தப் பழக்கத்தை முப்பது வயதில் ஐ.டி. வேலை பார்த்துக்கொண்டு எட்டிப்பிடித்துவிட முடியாது. ஆகவே நம்மைப் போன்றோருக்குக் கயிறுதான் கதி.

இந்த முறையில் கயிறுகள் இரண்டு. முதலாவதை இடுப்புக் கயிறு என்று அழைப்போம். சேணத்தின் இடப்பக்க வளையத்தில் தொடங்கி, மரத்தைச் சுற்றி வந்து, வலப்பக்க வளையத்தில் முடியும் இது, மின்கம்பம் ஏறும் ஊழியர்கள் பயன்படுத்துவதைப் போன்றது. ஏறும்போது ஒவ்வோர் அடிக்கும் இதை மேலே தூக்கிப் போட்டுக்கொண்டே செல்ல வேண்டும். இரண்டாவது மேற்கயிறு. இது தலைக்கு மேலே மரத்தைச் சுற்றிச் சுருக்காக இறுகி, அங்கிருந்து இறங்கிவந்து சேணத்தின் முன்பக்கம் சேரும். புதிதாக ஏறுவோர் பலர் இடுப்புக் கயிறு இருக்கும்வரை விழமாட்டோம் என்று எண்ணுகிறார்கள். அது சரியன்று. இடுப்புக் கயிறு ஆளைப் பின்னால் சாயாமல் இருத்தி வைக்குமே தவிர, கால் வழுக்கினால் ஆளோடு சேர்ந்து அதுவும் மரத்தை ஒட்டியே கீழே வழியும். கிளையற்ற வழவழப்பான அடிமரமாக இருந்தால் மார்பையும் முகத்தையும் மரப்பட்டையில் உரசிக்கொண்டு தரைவரை வந்துவிடலாம். நின்ற இடத்தில் நிறுத்துவது மேற்கயிறு மட்டுமே. அதனால், தரையை விட்டுக் கால் எழும்பிய கணத்திலிருந்து மறுபடி தரையைத் தொடும்வரை மேற்கயிறும் உடலோடு இணைந்திருக்க வேண்டும். உயரம் சென்ற பிறகு கட்டிக்கொள்ளலாம் என்று ஏறுவது, ஊருக்குப் போய்ச் சேர்ந்த பிறகு ஹெல்மெட் போட்டுக்கொள்வதற்குச் சமம்.

இனி, கயிற்றில் தொய்வு இருந்தால் என்ன ஆகும் என்பதைக் கணக்காகவே பார்த்துவிடலாம். எழுபது கிலோ எடையுள்ள ஒருவர் மேற்கயிற்றில் 60 செ.மீ. தொய்வு விட்டு நிற்கிறார் என்று கொள்வோம். கால் வழுக்கியதும் அவர் 60 செ.மீ. தடையின்றி விழுகிறார், அதன் பிறகே கயிறு இறுகத் தொடங்குகிறது. கயிறு நீண்டு, சேணத்தின் பட்டை நெகிழ்ந்து, தசை அழுந்தி, எல்லாமாகச் சேர்ந்து அவரை 10 செ.மீ. தூரத்துக்குள் நிறுத்துகின்றன என்றால், 70 செ.மீ. விழுந்த ஆற்றல் முழுவதும் அந்த 10 செ.மீட்டருக்குள் தீர வேண்டும். சராசரியாகக் கணக்கிட்டால் அவர் எடையைப் போல ஏழு மடங்கு, அதாவது 490 கிலோ அளவுக்கு விசை வருகிறது. கயிறு சுருள்வில் போல நடந்துகொள்வதாகக் கொண்டால் உச்ச விசை இதன் இருமடங்கு. கிட்டத்தட்ட ஒரு டன். அதே மனிதர் அதே கயிற்றில் 30 செ.மீ. மட்டுமே தொய்வு விட்டிருந்தால் உச்ச விசை ஏறத்தாழ 715 கிலோவாகக் குறையும். தொய்வே இல்லாமல் கயிறு நேராக இருந்து, கால் மட்டும் திடீரென்று விலகினால், எடையின் இருமடங்கு, அதாவது 140 கிலோ. கருவிகளின் மேல் பொறிக்கப்பட்டிருக்கும் கிலோநியூட்டன் என்ற அலகில் ஒன்று என்பது ஏறத்தாழ 102 கிலோ எடைக்குச் சமம். உயரத்தில் வேலை செய்வோருக்கான ஐரோப்பிய அதிர்வுத்தாங்கித் தரம், விழுந்தவரின் உடல்மேல் வரும் விசை 6 கிலோநியூட்டனைத் தாண்டக்கூடாது என்கிறது. இந்தக் கணக்குப்படி ஒரு சாண் தொய்வே அந்த எல்லையைத் தாண்டிவிடுகிறது. கயிறு அறாது, முதுகெலும்புக்குத்தான் அடி.

இதே கணக்கை மலையேறுவோர் வேறு விதமாகச் சொல்வார்கள். விழுந்த தூரத்தை, அந்த விழுகையைத் தாங்கும் கயிற்றின் நீளத்தால் வகுக்க வேண்டும். கிடைப்பதை விழுவிகிதம் என்று வைத்துக்கொள்ளலாம். மேற்கயிறு ஒரு மீட்டர் நீளம் என்க. அது கட்டப்பட்ட இடத்துக்குக் கீழே, கயிறு விறைப்பாக இருக்க நிற்பவருக்கு விகிதம் சுழி. ஏறிக்கொண்டே போய், கட்டின் மட்டத்துக்கு இடுப்பு வந்துவிட்டால், விழக்கூடிய தூரம் ஒரு மீட்டர், விகிதம் 1. கட்டைத் தாண்டி இன்னும் ஒரு மீட்டர் ஏறிவிட்டால் விழும் தூரம் இரண்டு மீட்டராகி, விகிதம் அதன் உச்சமான 2 ஆகும். ஒரே வகைக் கயிறாக இருந்தால், ஒரு மீட்டர் கயிற்றில் ஒரு மீட்டர் விழுவதும், ஐந்து மீட்டர் கயிற்றில் ஐந்து மீட்டர் விழுவதும் ஒரே அளவு விசையைத்தான் தரும். ஆகவே, குறைந்த தூரந்தானே என்ற ஆறுதல் குட்டையான மேற்கயிற்றுக்குப் பொருந்தாது. கட்டு எப்போதும் நெற்றி மட்டத்திலோ அதற்கு மேலோ இருக்கட்டும். அது கண்ணுக்கு நேரே இறங்கிவிட்டால், அடுத்த அடியை வைக்கும் முன் கட்டைத்தான் நகர்த்த வேண்டும்.

இதை நான் புத்தகத்தில் படித்து மட்டும் தெரிந்துகொள்ளவில்லை. விவேக் நகரில் சித்தப்பா வீட்டுக் கொல்லையில் இருக்கும் மாமரத்தில், தரையிலிருந்து மூன்று மீட்டர் உயரத்தில் நின்றுகொண்டிருந்தேன். கீழே நின்ற சித்தப்பா, "கயிறு தொங்குதுப்பா, இழுத்துக் கட்டு" என்றார். "இருக்கட்டும் சித்தப்பா, இறங்கத்தானே போறேன்" என்றேன். அடுத்த நிமிடம் முசுறு எறும்புகள் சட்டைக் கைக்குள் புகுந்தன. அவற்றைத் தட்டிவிட இரண்டு கைகளும் தாமாகவே மரத்தை விட்டன. கால் மரப்பட்டையில் சறுக்கியது. விழுந்தது ஒரு சாண் தூரம்தான். ஆனால் தொடைப்பட்டை இறங்கிய இடத்தில் நாலு விரல் அகலத்துக்குக் கன்றிப்போய், பத்து நாட்கள் நாற்காலியில் ஒருக்களித்தே உட்கார வேண்டியிருந்தது. அந்தப் பத்து நாளும் சித்தப்பா எதுவும் சொல்லவில்லை என்பதுதான் கூடுதல் வேதனை.

கயிறுகளிலும் இரண்டு சாதி உண்டு. உள்ளே இழைகளாலான கருவும் வெளியே பின்னிய உறையும் கொண்ட இன்றைய கயிற்றமைப்பை 1953இல் அறிமுகப்படுத்தியது எடெல்ரிட் என்ற ஜெர்மானிய நிறுவனம். கருவைத் தாங்கவும் உறையை உரசலுக்கு ஈடுகொடுக்கவும் விட்ட அந்த அமைப்பிலேயே, நீளும் கயிறு, நீளாக் கயிறு என்று இரு வகைகள் உள்ளன. கண்டீரவா மைதானத்தின் ஏறு சுவரிலோ ராமநகரப் பாறைகளிலோ பழகியவர்கள் பார்த்திருப்பது பெரும்பாலும் நீளும் கயிறு. ஐரோப்பியத் தரப்படி முதல் விழுகையில் அது 40 விழுக்காடு வரை நீளலாம், அப்படி நீண்டு அதிர்வை விழுங்கிக்கொள்ளும். மரமேறுவோர் பயன்படுத்துவது நீளாக் கயிறு. 50 கிலோவிலிருந்து 150 கிலோவாகச் சுமை கூடும்போதும் 5 விழுக்காட்டுக்கு மேல் நீளாது. மணிக்கணக்கில் சாய்ந்து நிற்பவருக்கு மேலும் கீழும் ஊஞ்சலாடும் கயிறு தொல்லை என்பதால் இந்தத் தேர்வு சரியானதே. ஆனால் அதற்கான விலையாக, அதிர்வை விழுங்கும் வேலை கயிற்றிடமிருந்து ஏறுபவரிடம் வந்துவிடுகிறது. தொய்வு விடாமல் இருப்பதுதான் அந்த வேலை. பாறையேற்றத்தில் கைதேர்ந்த நண்பர்கள் மரத்தில் தவறு செய்வது இங்கேதான். கடைக்காரர் காட்டிய நீலக் கயிற்றை நான் வாங்காமல் வந்ததற்குக் காரணங்கள் வேறு. அதில் எந்தத் தரக்குறியும் இல்லை, வெயில் பட்டால் பொடிந்துபோகும், சுமார் 165 டிகிரி வெப்பத்தில் உருகிவிடும் பொருளால் ஆனது. முடிச்சுகள் உரசும் இடத்தில் இந்த உருகுநிலை முக்கியமானது.

உரசல் என்றதும் முடிச்சுக்கு வர வேண்டும். மேற்கயிற்றின் நீளத்தை நொடியில் கூட்டவும் குறைக்கவும் முடியாவிட்டால், தொய்வு விடாதே என்ற அறிவுரை வெறும் பேச்சாகிவிடும். அதற்கு வழி செய்தது, ஆஸ்திரிய மலையேற்ற வீரர் கார்ல் புருசிக் 1931இல் வெளியிட்ட முடிச்சு. மெல்லிய கயிற்றால் ஒரு வளையம் செய்து, அதைப் பெரிய கயிற்றின் மேல் மூன்று சுற்றுச் சுற்றித் தன்னுள்ளேயே நுழைத்து இழுத்து, வளையத்தின் மறுமுனையைச் சேணத்தில் மாட்டினால், சுமை இல்லாதபோது இரண்டு விரலால் நகர்த்தக்கூடிய பிடி கிடைக்கும்; சுமை விழுந்த கணம் அது பல்லைக் கடித்ததுபோல் பெரிய கயிற்றைப் பற்றிக்கொள்ளும். வளையக் கயிறு பெரிய கயிற்றைவிட மெலிந்ததாக இருக்க வேண்டும், 11 மி.மீ. கயிற்றுக்கு 7 அல்லது 8 மி.மீ. வளையம் நன்றாகப் பிடிக்கும், இரண்டும் ஒரே பருமனாக இருந்தால் வழுக்கும். சுற்றுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல், புதிதாகச் சுருட்டிய பாய் போல் வரிசையாகப் படிந்திருக்கின்றனவா என்று ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டும். பார்த்த பிறகு, முழங்கால் உயரத்தில் வைத்தே உடல் எடை முழுவதையும் அதன்மேல் போட்டுப் பார்க்க வேண்டும். அங்கே வழுக்கினால் பாதகமில்லை.

இந்த முடிச்சின் ஒரே துரோகம் நம் கையோடு சேர்ந்து செய்வது. விழும்போது கைக்கு அகப்பட்டதைப் பிடிப்பது மனித இயல்பு. மேற்கயிற்றில் கைக்கு அருகில் இருப்பது இந்த முடிச்சு. அதைக் கைப்பிடிக்குள் இறுக்கிக்கொண்டே விழுந்தால், சுற்றுகள் இறுக இடமின்றி, முடிச்சும் கையும் சேர்ந்து வழுக்கிக்கொண்டே போகும். உராய்வின் சூட்டில் வளையக் கயிற்றின் மேற்பரப்பு கண்ணாடி போல் பளபளத்துக் கெட்டிப்படும். அந்தப் பளபளப்பை விரலால் தடவிப் பார்த்தால் நகத்தின் மேல் தடவுவதுபோல் இருக்கும். அப்படிப்பட்ட வளையத்தை மறுபடி நம்பக்கூடாது. முடிச்சை நகர்த்தி முடித்ததும் கையை அதிலிருந்து எடுத்துவிடுவதைப் பழக்கமாக்கிக்கொள்வதும், மேற்கயிற்றின் நுனியில் தடுப்பாக ஓர் எட்டு வடிவ முடிச்சைப் போட்டு வைப்பதும் இதற்குப் பரிகாரம். நுனி முடிச்சு இல்லாத கயிற்றில் பிடிமுடிச்சு வழுக்கத் தொடங்கினால் கயிறு தீரும்வரை வழுக்கும். முடிச்சுக்குப் பதில் பல்லுள்ள உலோகப் பிடிகளையும் சிலர் வாங்குகிறார்கள். அவை சுமார் 4 முதல் 6 கிலோநியூட்டன் அதிர்வில் கயிற்றின் உறையைக் கிழித்துவிடும். மேலே பார்த்த தொய்வுக் கணக்கை நினைவில் வைத்தால் அது எவ்வளவு அருகில் இருக்கும் எண் என்பது விளங்கும்.

காராபினர் எனப்படும் கொக்கி வளையத்தைப் பொறுத்தவரை ஒன்றைத் தெரிந்துகொண்டால் போதும். நெடுக்குவாக்கில் இழுத்தால் 20 கிலோநியூட்டனுக்கு மேல் தாங்குவது, குறுக்குவாக்கில் இழுபட்டால் 7 கிலோநியூட்டன் அளவிலேயே முறியக்கூடும். இரண்டு எண்களும் அதன் முதுகிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். மரத்தின் வளைவில் அழுந்தியபடியோ, அதன் திறந்து மூடும் கதவு மரப்பட்டையில் உரசியபடியோ அது கிடக்கக்கூடாது. தானே பூட்டிக்கொள்ளும் கதவுள்ளதை வாங்குவது நல்லது. சாவிக்கொத்துக்கென்று நடைபாதையில் விற்கும் அலுமினிய வளையத்தைப் பற்றி இங்கே பேச வேண்டியதில்லை என்றுதான் நினைத்தேன். ஆனால் அதைத் தொங்கவிட்டு ஏறிய ஒருவரை நேரில் பார்த்துவிட்டதால் சொல்கிறேன்.

சேணம் இருத்தி வைப்பதற்கான கருவி. விழுபவரைப் பிடிப்பதற்கான கருவியன்று. இடுப்பில் மட்டும் பிடிமானம் இருப்பதால், வேகமாக விழுந்தால் உடல் தலைகீழாகக் கவிழவும் வாய்ப்புண்டு. விழுகை நிகழக்கூடிய வேலைக்கு, தோளையும் மார்பையும் தொடைகளையும் சேர்த்துப் பிடிக்கும் முழுவுடல் ஹார்னஸ் வேண்டும்; நம் நாட்டில் அதற்கான தரக்குறி ஐ.எஸ். 3521. சேணத்தில்தான் ஏறுவேன் என்பவர், விழுகையே நிகழாதபடி மேற்கயிற்றை விறைப்பாக வைத்திருக்கும் பொறுப்பையும் ஏற்றுக்கொண்டாக வேண்டும்.

ஏறும் வழியில் கிளை குறுக்கிடும் இடந்தான் மிகவும் சிக்கலானது. சுற்றிக் கட்டிய கயிறு கிளையைத் தாண்டி மேலே போகாது. ஆகவே அவிழ்த்துக் கட்ட வேண்டும். அவிழ்ப்பதற்கும் கட்டுவதற்கும் இடைப்பட்ட அரை நிமிடத்தில் ஆள் வெறும் கைகால் பலத்தில் நிற்கிறார். கவனமாக ஏறியவர்களும் விழுவது இந்த அரை நிமிடத்தில்தான். இதற்காகவே இரண்டாவது மேற்கயிறு ஒன்றைத் தோளில் மாட்டிச் செல்ல வேண்டும். அதைக் கிளைக்கு மேலே கட்டி, சேணத்தோடு இணைத்து, எடையைப் போட்டுப் பார்த்து, அதன் பிறகே பழைய கயிற்றை அவிழ்க்க வேண்டும். நான் ஒவ்வொரு முறையும் வாய்விட்டு, "புதுசு பிடிச்சிருச்சு, பழசை விடறேன்" என்று சொல்லிக்கொள்வேன். கீழே போகிறவர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

கயிறு எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அது மரத்தைத்தான் நம்பியிருக்கிறது. பெங்களூரில் ஏப்ரல், மே மாத மழையில் சாயும் மரங்களைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. செம்மயிற்கொன்றையின் கிளைகள் பார்வைக்குப் பருத்திருந்தாலும் எளிதில் முறிபவை. சில்வர் ஓக் நேராக உயர்ந்து நின்றாலும் அதன் கிளைகள் நொறுங்கக்கூடியவை. மேற்கயிற்றைக் கிளையில் போடாமல், குறைந்தது தொடைப் பருமனுள்ள, உயிரோட்டமுள்ள அடிமரத்தில் போட வேண்டும். அடியில் காளான் முளைத்திருந்தாலும், தட்டினால் பொந்து ஒலி வந்தாலும், வேரைச் சுற்றிக் கழுத்துவரை கான்கிரீட் போட்டிருந்தாலும் அந்த மரத்தை விட்டுவிடலாம். மின்கம்பி ஊடாகச் செல்லும் மரம் எவ்வளவு நல்ல மரமாக இருந்தாலும் நமக்குரியதன்று. ஈரக்கயிறும் பச்சைக் கிளையும் மின்சாரத்தைக் கடத்தும். மலைத்தேனீ அடை தொங்குகிறதா என்று எதிர்ப்பக்கம் சென்றும் அண்ணாந்து பார்க்க வேண்டும். மரத்தை வெட்டுவதற்கு 1976ஆம் ஆண்டின் கர்நாடக மரப் பாதுகாப்புச் சட்டப்படி மர அலுவலரின் அனுமதி தேவை. கிளை கழிக்கும் முன்பும் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது உத்தமம்.

விழுந்து, கயிறு பிடித்து, ஆள் அந்தரத்தில் தொங்குகிறார் என்றால் ஆபத்து நீங்கிவிட்டது என்று எண்ணக்கூடாது. கால்களை அசைக்காமல் பட்டையில் தொங்கினால், கால்களுக்குச் சென்ற குருதி திரும்ப வருவது தடைப்பட்டு, சில நிமிடங்களிலேயே மயக்கம் வரலாம். மயங்கித் தொங்குபவரை இறக்காமல் விட்டால் உயிருக்கே ஆபத்து. கால் ஊன்றுவதற்கு வளையம் செய்துகொள்ள ஒரு மீட்டர் நாடாவை இடுப்பில் செருகி வைத்திருப்பதும், மரத்தை உதைத்தபடி கால்களை இயக்கிக்கொண்டே இருப்பதும் நேரத்தை வாங்கித் தரும். அதைவிட முக்கியம், கீழே ஒருவர் இருப்பது. அவர் கைப்பேசியை நோண்டிக்கொண்டிராமல், 108ஐ அழைக்கவும், ஏறியவரை இறக்கும் வழியை முன்கூட்டியே பேசி வைக்கவும் தெரிந்தவராக இருக்க வேண்டும். என் சித்தப்பாவுக்கு இரண்டும் தெரியும். கயிறு தொங்குவதும் தெரியும்.

கயிற்றைப் பேணுவது பெரிய வித்தையன்று. ஒவ்வொரு முறையும் ஏறும் முன், நுனியிலிருந்து நுனிவரை கண்ணை மூடிக்கொண்டு விரல்களுக்கிடையே ஓடவிட வேண்டும். உள்ளே கரு நசுங்கிய இடம் கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத் தட்டையாகத் தெரியும். நைலான் நனைந்தால் பத்தில் ஒரு பங்குக்கு மேல் வலுவை இழக்கும். முடிச்சு விழும் இடத்தில் இழப்பு இன்னும் அதிகம். நிழலில் உலர்த்த வேண்டும். நைலான் கயிற்றுக்குப் பேட்டரி அமிலமே பெரிய பகை, யு.பி.எஸ். பேட்டரி இருக்கும் அலமாரியின் அடித்தட்டில், இடம் இருக்கிறதே என்று சுருட்டி வைத்துவிடக்கூடாது. பலத்த விழுகை ஒன்றைத் தாங்கிய கயிறு பார்வைக்கு நன்றாகத் தெரிந்தாலும் ஓய்வு பெற்றுவிட்டது. வாங்கிய தேதியை நுனியில் நாடா ஒட்டி எழுதி வைத்தால், அது எப்போது ஓய்வு பெற வேண்டும் என்பதும் மறக்காது.

முசுறு நாளில் என்னைப் பிடித்த கயிற்றை, துணி காயப்போட வைத்துக்கொள்ளலாமே என்று வீட்டில் கேட்டார்கள். கேட்டதில் தவறில்லை, மொட்டைமாடியில் கட்டினால் புதுக்கயிறு போலவே இருந்திருக்கும். ஆனால் எங்கள் கட்டடத்தின் வாட்ச்மேனுடைய தம்பி தென்னை ஏறுபவர், மாடிக்கு அடிக்கடி வந்து போவார். கத்தரிக்கோல் ஏறவில்லை. அரிவாள்மனையில் வைத்து, யாருடைய இடுப்பையும் சுற்ற எட்டாத நீளத்துக்குத் துண்டு துண்டாக நறுக்கிப் பழைய சாமான்காரரிடம் போட்டேன்.